நாற்பதுக்கும் அறுபதுக்கும் நடுவே: கொங்கு நாட்டில் வயதுப் பாகுபாடு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூர், கோவை, ஈரோடு, கரூர், நாமக்கல் வட்டாரங்களில் வேலை தேடுவோரும், வேலையிலிருந்து நிறுத்தப்பட்டோரும், வயதான பெற்றோரைக் கவனித்துக்கொள்ளும் பிள்ளைகளும், தொழில் நடத்துவோரும் வயதைக் குறித்துத் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். சட்டம் தொடர்பான விடைகள் பொதுவான விளக்கங்களே. உங்களுடைய வழக்குக்கு அவற்றைப் பயன்படுத்துவதற்கு முன் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச ஆலோசனை பெற்றுக்கொள்ளுங்கள்.

வயதுப் பாகுபாடு என்றால் என்ன?

ஒருவருடைய திறமையையும் உடல்நிலையையும் விருப்பத்தையும் பார்க்காமல், அவருடைய வயதை மட்டும் பார்த்து அவரைப் பற்றி முடிவெடுப்பதும், அந்த முடிவின்படி அவரை ஒதுக்குவதும் வயதுப் பாகுபாடு ஆகும். ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மருத்துவர் 1969-ஆம் ஆண்டில் இதற்குத் தனிப் பெயர் சூட்டி, இனப் பாகுபாட்டோடும் பாலினப் பாகுபாட்டோடும் சேர்த்து எண்ண வேண்டிய தீங்கு இது என்று எழுதினார். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் இரண்டு பேரில் ஒருவர் முதியோர்மீது இத்தகைய மனப்பான்மை கொண்டிருக்கிறார் என்று கணித்தது.

இது முதியோருக்கான பிரச்சினைதானே? நாற்பது வயதில் இருப்பவர் ஏன் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்?

நம் வட்டாரத்தில் இது அறுபதில் தொடங்குவதில்லை என்பதால்தான் கவலைப்பட வேண்டியிருக்கிறது.

திருப்பூர்ப் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள சுவர்களிலும் மின்கம்பங்களிலும் ஒட்டப்பட்டிருக்கும் சிறிய தாள்களை நின்று படித்துப் பாருங்கள். “ஓவர்லாக், பேட்லாக் டெய்லர்கள் தேவை. செக்கிங், கைமடி வேலைக்குப் பெண்கள் தேவை. வயது 18 முதல் 35 வரை. வேன் வசதி உண்டு” என்பது போன்ற வாசகங்களைப் பார்க்கலாம். முப்பத்தைந்து என்ற அந்த எண்ணை எந்தச் சட்டமும் விதிக்கவில்லை. எந்த ஆய்வும் பரிந்துரைக்கவில்லை. பக்கத்துக் கம்பெனி போட்டிருக்கிறது என்பதற்காக அடுத்த கம்பெனியும் போட்டுக்கொண்டிருக்கிறது.

பனியன் கம்பெனிக் கதவு நாற்பதை ஒட்டி மூடிக்கொள்ளும்போது, அரசின் முதியோர் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்க அறுபது வயதாகியிருக்க வேண்டும். வருங்கால வைப்பு நிதியோடு சேர்ந்த ஓய்வூதியம் முழுமையாகக் கிடைக்க 58 ஆக வேண்டும். மூத்த குடிமகன் என்று சட்டம் ஒருவரை ஏற்றுக்கொள்வதும் அறுபதில்தான். ஆக, ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு ஒரு மனிதர் வேலைக்குக் கிழவராகவும் உதவிக்கு இளையவராகவும் கருதப்படுகிறார். பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம், மகளின் திருமணம், வீட்டுக் கடன், பெற்றோரின் மருத்துவச் செலவு ஆகிய அத்தனையும் ஒரு குடும்பத்தின்மீது ஒன்றாக வந்து விழுவதும் இதே இருபது ஆண்டுகளில்தான். கொங்கு நாட்டில் வயதுப் பாகுபாட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதியோர் இல்லங்களிலிருந்து பேச்சைத் தொடங்குகிறார்கள். என் கருத்தில், இந்த இருபது ஆண்டுகளிலிருந்தே தொடங்க வேண்டும், ஏனெனில் அறுபதைக் கடந்தபின் ஒருவர் கையேந்தி நிற்பாரா, சொந்தக் காலில் நிற்பாரா என்பது பெரும்பாலும் இந்தக் காலத்திலேயே முடிவாகிவிடுகிறது.

எங்கள் பகுதியில் பெரியவர்களிடம் ‘ங்க’ சேர்க்காமல் ஒரு வார்த்தை பேச மாட்டோம். இங்கே எப்படிப் பாகுபாடு இருக்க முடியும்?

அந்த மரியாதை உண்மையானது. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் மரியாதையான சொற்களிலேயே ஒருவரை விலக்கிவைக்கவும் முடியும் என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

“உங்களுக்கெதுக்குங்க இந்தக் கஷ்டம், பேசாம ஊட்டுல இருங்க” என்று சூப்பர்வைசர் சொல்லும்போது, கேட்கிறவரால் பதில் பேச முடிவதில்லை. திட்டியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அக்கறையாகச் சொன்னவரோடு எப்படிச் சண்டை போடுவது? வீட்டிலும் இதே நிலைதான். தோட்டத்தில் எந்தப் பயிர் வைப்பது, மாட்டை விற்பதா வேண்டாமா, பேத்திக்கு எந்த வரன் பார்ப்பது என்ற பேச்சுகள் அப்பாருவையும் ஆத்தாவையும் தாண்டி முற்றத்தில் நடந்து முடிந்துவிடும். முடிவு மட்டும் அவர்களுக்குத் தெரிவிக்கப்படும். கோயில் விசேஷத்தில் அவரை முன்வரிசையில் உட்காரவைக்கும் அதே குடும்பம், அவருடைய வங்கிப் புத்தகத்தையும் ஏடிஎம் அட்டையையும் அவரிடம் கேட்காமலேயே எடுத்து வைத்திருக்கும். அவருடைய வாழ்வையும் பணத்தையும் பற்றிய முடிவில் அவர் சொல் எடுபடுகிறதா என்று பார்த்தால், எந்த வீட்டில் மரியாதை இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

வயதானால் வேலைத்திறன் குறைவது உண்மைதானே? முதலாளி நட்டப்பட வேண்டுமா?

நேர்மையான கேள்வி இது. ஆகவே சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

சில திறன்கள் குறைவது உண்மை. நாற்பதை ஒட்டிக் கண்ணின் வில்லை நெகிழ்வை இழப்பதால் கிட்டத்தில் இருப்பது மங்கும். வெள்ளெழுத்து என்று நாம் சொல்வது இதைத்தான். ஓவர்லாக் மிஷினில் நூல் கோக்கும்போதும், கறுப்புத் துணியில் கறுப்பு நூலால் போட்ட தையலைச் செக்கிங் மேசையில் பார்க்கும்போதும் இது உடனே தெரிந்துவிடும். நாற்பத்திரண்டு வயதுள்ள ஒரு டெய்லர், நூல் அறுந்த ஒவ்வொரு முறையும் பக்கத்து மிஷினில் இருக்கும் பெண்ணைக் கூப்பிட்டு நூல் கோத்துக்கொள்வார். சில நாட்கள் சமாளிப்பார். பிறகு அவருடைய பீஸ் கணக்குக் குறையும். “வயசாயிருச்சு, முன்ன மாதிரி ஓட்ட மாட்டேங்கறாரு” என்ற பேச்சு வரும்.

அவருக்குத் தேவைப்பட்டது சில நூறு ரூபாய் விலையுள்ள ஒரு மூக்குக் கண்ணாடி. அசாமில் தேயிலை பறிக்கும் நாற்பது வயதைக் கடந்த தொழிலாளர்களிடம் நடத்தப்பட்டு, 2018-இல் வெளியான ஒரு மருத்துவ ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. கிட்டத்தில் இருப்பதைத் தெளிவாகப் பார்க்க உதவும் கண்ணாடி கொடுக்கப்பட்டவர்கள், கொடுக்கப்படாதவர்களைக் காட்டிலும் 21.7 விழுக்காடு அதிகமாக இலை பறித்தார்கள். ஐம்பதைக் கடந்தவர்களிடம் முன்னேற்றம் இன்னும் கூடுதலாக இருந்தது. தையலும் செக்கிங்கும் இலை பறிப்பதைக் காட்டிலும் கண்ணை அதிகம் நம்பியிருக்கும் வேலைகள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஜெர்மனியில் டிங்கோல்ஃபிங் நகரத்திலுள்ள பிஎம்டபிள்யூ தொழிற்சாலை, 2007-இல் தன் உற்பத்தி வரிசை ஒன்றில் வேண்டுமென்றே மூத்த தொழிலாளர்களை அமர்த்திப் பார்த்தது. கான்கிரீட் தரைக்குப் பதிலாக மரத் தரை, உட்கார்ந்து செய்ய நாற்காலி, உருப்பெருக்கிக் கண்ணாடி என்று ஏறத்தாழ எழுபது சிறிய மாற்றங்களைத் தொழிலாளர்களிடமே கேட்டுச் செய்தார்கள். ஓராண்டில் அந்த வரிசையின் உற்பத்தித்திறன் 7 விழுக்காடு கூடியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முதுமை என்று நாம் பெயரிடுவதில் ஒரு பகுதி, வேலையே உண்டாக்கிய சேதம். சோமனூரிலும் பல்லடத்திலும் விசைத்தறிக் கூடங்களின் சத்தம் சாதாரணமாக 90 டெசிபலைத் தாண்டும். அங்கே இருபது ஆண்டுகள் தறி ஓட்டியவருக்குக் காது மந்தமாவது வயதினால் வந்ததாகாது. நூற்பாலைப் பஞ்சுத் தூசு நுரையீரலைக் கெடுப்பதும் அப்படியே. ஒரு மனிதரின் காதையும் மூச்சையும் எடுத்துக்கொண்ட தொழில், அவை போன பிறகு “உங்களுக்கு வயதாகிவிட்டது” என்று சொல்லி அவரை அனுப்புவது அநியாயம்.

திருப்பூரில் வேலை நேரமே மறைமுகமான வயது வரம்பாக இருக்கிறது. எட்டு மணி நேரம் கொண்ட ஒரு ஷிஃப்ட் வேலையை ஐம்பது வயதுக்காரர் நன்றாகவே செய்வார். பன்னிரண்டு மணி நேரம் ஓடும் ஒன்றரை ஷிஃப்டை எல்லோருக்கும் கட்டாயமாக்கும்போது, “ஒண்ணரை ஷிஃப்ட் பார்க்க முடியாதவங்க வேண்டாம்” என்ற ஒரே வரியில் ஒரு தலைமுறையே வெளியேறிவிடுகிறது.

பெண்களுக்கு இது வேறு விதமாக இருக்கிறதா?

ஆம். பெண்களுக்கு இது முன்னதாகவே வருகிறது. இரண்டு முனைகளிலிருந்தும் வருகிறது.

நூற்பாலைகளில் ‘சுமங்கலி திட்டம்’ என்ற பெயரில் நடந்த ஆள்சேர்ப்பை இங்கே பலரும் அறிவார்கள். பதின்ம வயதிலுள்ள, திருமணமாகாத பெண்களை விடுதியில் தங்கவைத்து மூன்று ஆண்டுகள் வேலை வாங்கி, முடிவில் திருமணச் செலவுக்கென்று ஒரு தொகை தருவதாகச் சொல்வது அதன் முறை. இளம் வயதைக் காரணம் காட்டிக் குறைந்த கூலி கொடுத்தார்கள், வெளியே போகவும் கைப்பேசி வைத்துக்கொள்ளவும் தடை போட்டார்கள். திருமணத்தோடு வேலை முடிந்தது என்றும் முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டார்கள். திருமணமாகிக் குழந்தை பெற்று, குழந்தை பள்ளிக்குப் போகத் தொடங்கியபின் அதே பெண் முப்பத்தாறு வயதில் வேலை கேட்டு வந்தால், வயது தாண்டிவிட்டது என்கிறார்கள். இடையே அவருக்குச் சில ஆண்டுகளே கிடைத்தன.

பிறகு அவருக்கு என்ன வேலை கிடைக்கிறது? டெய்லராக இருந்தவர் பிசிறு வெட்டப் போகிறார். அதிலிருந்து கூட்டிப் பெருக்கவும் கழிவறை சுத்தம் செய்யவும் அனுப்பப்படுகிறார். வேலைக்குப் போகும் நாளன்று விடியற்காலையில் தலைக்கு டை அடித்துக்கொண்டு வேனுக்குக் காத்திருக்கும் பெண்கள் பலர் உண்டு. நரையை மறைத்தால் இன்னும் இரண்டு ஆண்டுகள் ஓட்டலாம் என்பதே அவர்களுடைய கணக்கு.

இளைஞர்களும் வயதுப் பாகுபாட்டுக்கு ஆளாவார்களா?

ஆளாவார்கள். “சின்னப் பையன், உனக்கென்ன தெரியும்” என்று கூட்டுறவுச் சங்கத்திலும் ஊர்க் கூட்டத்திலும் வாயை அடைப்பதும், அதே வேலைக்கு இளையவர் என்பதற்காகக் குறைத்துக் கொடுப்பதும் பாகுபாடுதான். ஒரு வேறுபாடு உண்டு: இளையவருக்குக் காலம் போகப் போக அது தானாக விலகும், மூத்தவருக்குக் காலம் போகப் போகக் கூடும்.

இதனால் மனத்துக்கும் உடலுக்கும் என்ன பாதிப்பு ஏற்படுகிறது?

முதலில் தெரிவது பணத்தின் பாதிப்பு. இரண்டாவது, மற்றவர்கள் சொன்னதை அவரே நம்பத் தொடங்கிவிடுவது. இந்த இரண்டாவதுதான் ஆழமானது. நான்கு கம்பெனிகளில் “வேண்டாம்” என்று கேட்டவர் ஐந்தாவது கம்பெனிக்குப் போவதில்லை. “எனக்கு ஆகாதுங்க” என்று தானே சொல்லிக்கொள்கிறார். புதிய மிஷினைப் பழகச் சொன்னால் மறுக்கிறார், கைப்பேசியில் பணம் அனுப்பக் கற்றுக்கொடுத்தால் கையை எடுத்துக்கொள்கிறார். பிறகு அதையே சாட்சியாகக் காட்டி, வயதானவர்கள் கற்றுக்கொள்ள மாட்டார்கள் என்று ஊர் சொல்கிறது.

இந்த நம்பிக்கை ஆயுளையே தொடுகிறது. அமெரிக்காவில் ஓஹியோ மாநிலத்தைச் சேர்ந்த ஒரு சிறு நகரில், ஐம்பது வயதைக் கடந்த 660 பேரை இருபதாண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவுகளை பெக்கா லெவி என்ற உளவியல் அறிஞர் குழுவினர் 2002-இல் வெளியிட்டார்கள். தம்முடைய முதுமையை நல்லவிதமாக எண்ணியவர்கள், தாழ்வாக எண்ணியவர்களைக் காட்டிலும் சராசரியாக ஏழரை ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தார்கள். வருமானம், உடல்நலம், தனிமை போன்றவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் இந்த வேறுபாடு மறையவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 அறிக்கை, உலகெங்கும் 63 லட்சம் மனச்சோர்வு நேர்வுகளுக்கு வயதுப் பாகுபாட்டைக் காரணமாக மதிப்பிட்டது.

நம் ஊர்களில் மனச்சோர்வு அந்தப் பெயரோடு வெளிப்படுவதில்லை. பசியில்லை, தூக்கமில்லை, கால் குடைகிறது, நெஞ்சு படபடக்கிறது என்று மருத்துவமனைக்கு வருவார்கள். ஆண்களில் பலருக்கு அது குடியாக மாறுகிறது. வேலை நின்ற பிறகு ஒருவர் டீக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார், கல்யாண வீடுகளைத் தவிர்க்கிறார், “இப்ப எங்க வேலைங்க?” என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று அஞ்சுகிறார் என்றால், குடும்பத்தார் அதைச் சோம்பல் என்று கடந்துபோகக் கூடாது.

மருத்துவரிடம் போனால் “வயசானா அப்படித்தான் இருக்கும்” என்று அனுப்பிவிடுகிறார்கள். ஏற்றுக்கொள்வதா?

ஏற்றுக்கொள்ள வேண்டாம். மூட்டு வலி, சிறுநீர்க் கசிவு, மறதி, காது மந்தம், இடைவிடாத சோகம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் பரிசோதனையும் பெரும்பாலும் சிகிச்சையும் உண்டு. மறதிக்குத் தைராய்டு குறைவும் வைட்டமின் பி12 குறைவும்கூடக் காரணமாகலாம்; அவை சரிசெய்யக்கூடியவை. “என் வயதை விட்டுவிட்டு, இந்த நோய்க்கு என்ன காரணம் என்று சொல்லுங்கள்” என்று பணிவாகக் கேளுங்கள். எழுபது வயதைக் கடந்த அனைவருக்கும் வருமானத்தைப் பார்க்காமல் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை அளிக்கும் ஆயுஷ்மான் பாரத் விரிவாக்கம் 2024 அக்டோபரில் தொடங்கியது. 65 வயதைக் கடந்தவர்களுக்குப் புதிய மருத்துவக் காப்பீடு எடுக்க இருந்த உச்ச வயது வரம்பையும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அதே ஆண்டில் நீக்கியது. ஆயினும் கட்டணம் அதிகம் என்பதால், இது எல்லோருக்கும் எட்டிய உதவி என்று சொல்ல மாட்டேன்.

வயதைக் காரணம் காட்டி வேலை மறுப்பதைத் தடுக்கும் சட்டம் இந்தியாவில் இருக்கிறதா?

தனியார் வேலைகளைப் பொறுத்தவரை நேரடியான சட்டம் இல்லை. இதைத் தெரிந்துகொண்டுதான் மற்ற வழிகளைத் தேட வேண்டும்.

அரசியலமைப்பின் 15, 16 ஆகிய பிரிவுகள் மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றைக் காரணமாகக் கொண்ட பாகுபாட்டைத் தடுக்கின்றன. அந்தப் பட்டியலில் வயது இடம்பெறவில்லை. எல்லோருக்கும் சட்டத்தின்முன் சமத்துவம் என்ற 14-ஆம் பிரிவு அரசின் செயல்களைக் கட்டுப்படுத்தும். பனியன் கம்பெனி முதலாளியைக் கட்டுப்படுத்தாது. 1981-இல் ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்கள் தொடுத்த வழக்கில், முதல் கருத்தரிப்போடு வேலை போகும் என்ற விதியை உச்ச நீதிமன்றம் நீக்கியது. முப்பத்தைந்து வயதுக்குமேல் பணிநீட்டிப்பை நிர்வாக இயக்குநரின் விருப்பத்துக்கு விட்ட அதிகாரத்தையும் நீக்கியது. ஆனால் வயதை வைத்து ஓய்வு கொடுப்பதே தவறு என்று அது சொல்லவில்லை.

அமெரிக்காவில் 1967-ஆம் ஆண்டிலேயே, நாற்பது வயதிலிருந்து வேலையில் பாதுகாப்பு அளிக்கும் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. நம்முடைய ஆடைகளை வாங்கும் நாடுகள் பலவற்றில் வயதைச் சொல்லி வேலை மறுப்பது சட்டத்துக்குப் புறம்பானது. அவர்கள் அனுப்பும் சமூகத் தணிக்கையாளர்கள் குழந்தைத் தொழிலாளர் இருக்கிறார்களா என்று துருவிப் பார்க்கிறார்கள். நாற்பதைக் கடந்தவர்கள் ஏன் இந்தத் தையல் கூடத்தில் இல்லை என்றும் அவர்கள் கேட்க வேண்டும். தொழிற்சங்கங்கள் அவர்களைக் கேட்கவைக்க வேண்டும்.

பன்னிரண்டு ஆண்டுகள் வேலை செய்த கம்பெனியில் “திங்கட்கிழமை வர வேண்டாம்” என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

வயதுப் பாகுபாடு என்று வழக்குப் போட முடியாவிட்டாலும், உங்களுக்கு உரிமைகள் இருக்கின்றன. பீஸ் ரேட்டில், அதாவது தைத்த எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி வாங்கி வேலை செய்தாலும் நீங்கள் தொழிலாளிதான்.

தொடர்ந்து ஓராண்டு பணியாற்றியவரை ஆட்குறைப்புச் செய்ய ஒரு மாத முன்னறிவிப்பும், பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியமும் தர வேண்டும். பன்னிரண்டு மாதங்களில் 240 நாட்கள் வேலை பார்த்திருந்தால் அது ஓராண்டாகக் கொள்ளப்படும். ஒரே பிரிவில் ஆட்களைக் குறைக்கும்போது, கடைசியாகச் சேர்ந்தவரையே முதலில் நிறுத்த வேண்டும் என்பது தொழில் தகராறுச் சட்டத்தின் பழைய நெறி. 2020-ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டமும் அதை வைத்திருக்கிறது. ஆர்டர் குறையும்போது மூத்தவரை முதலில் அனுப்பும் வழக்கம் இந்த நெறிக்கு நேர்மாறானது. அதனால் இதுவே உங்கள் வலுவான வாதம்.

ஐந்து ஆண்டுகள் பணியாற்றியிருந்தால் பணிக்கொடையும் (கிராஜுவிட்டி) உண்டு. மாத ஊதியத்தை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் ஓராண்டுக்கான தொகை வரும். மாதம் 13,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 7,500 ரூபாய். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு 90,000 ரூபாய். பீஸ் ரேட்டில் இருப்பவர்களுக்குக் கடைசி மூன்று மாதச் சராசரியை எடுத்துக் கணக்கிடுவார்கள்.

பிஎஃப் பிடித்தம் இருந்திருந்தால், பத்து ஆண்டுகள் நிறைந்தவர்களுக்கு 58 வயதில் ஓய்வூதியம் உண்டு. ஐம்பதிலிருந்தே குறைத்துப் பெற்றுக்கொள்ளலாம். முன்கூட்டிப் பெறும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 விழுக்காடு குறையும். ஏழெட்டு ஆண்டுகளே ஆனவர்கள் அவசரப்பட்டு ஓய்வூதியப் பகுதியையும் எடுத்துவிடாமல், திட்டச் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பிறகு வேறிடத்தில் சேர்ந்தால் பழைய ஆண்டுகள் சேர்ந்துகொள்ளும்.

இவை அனைத்துக்கும் நீங்கள் அங்கே வேலை செய்தீர்கள் என்பதற்கான சான்று வேண்டும். ஈஎஸ்ஐ எண், பிஎஃப் எண், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கில் வந்த தொகை, கம்பெனி அடையாள அட்டை ஆகியவற்றின் நகல்களை வேலையில் இருக்கும்போதே எடுத்துவைத்து, நிறுத்தப்பட்டவுடன் காலம் தாழ்த்தாமல் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். வெள்ளைத் தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள்.

வயதானவர்களே நடத்திவரும் தொழில்களும் இருக்கின்றனவே?

இருக்கின்றன. பவானி ஜமக்காளமும் சென்னிமலைக் கைத்தறிப் போர்வையும் இன்று பெரும்பாலும் மூத்த நெசவாளர்களின் கைகளில்தான் இருக்கின்றன. கூலி போதாததால் இளையவர்கள் வரவில்லை என்பது அதற்கு முதன்மையான காரணம். அறுபது வயது மூதாட்டி குழித்தறியில் உட்கார்ந்து மிதி மிதித்துக் கம்பளம் போன்ற கனத்த விரிப்பை நெய்வதைப் பார்த்தவர்கள், நாற்பத்தைந்து வயதுக்காரரால் துணி மடிக்க முடியாது என்று சொல்லத் தயங்குவார்கள்.

மகன் பேருக்குப் பூமியை எழுதிக் கொடுத்தபின், எங்களை வீட்டில் ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். திரும்பப் பெற முடியுமா?

பல நேரங்களில் முடியும். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007 இதற்கு வழி வைத்திருக்கிறது. அதன் 23-ஆம் பிரிவின்படி, தம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, அந்த நிபந்தனை மீறப்பட்டால் செல்லாததாக அறிவிக்கலாம். சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு எழுதிய பத்திரங்களுக்கே இது பொருந்தும். நிபந்தனை இருந்ததாகக் காட்டப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் ஒரு வழக்கில் கூறியது. 2025 ஜனவரியில் ஊர்மிளா தீட்சித் வழக்கில், இச்சட்டத்தை முதியோருக்கு நன்மை பயக்கும் வகையில் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று கூறித் தாய்க்குச் சொத்தைத் திருப்பிக் கொடுக்க உத்தரவிட்டது.

ஆகவே, இனி எழுதப்போகிறவர்கள் தான செட்டில்மெண்ட் பத்திரத்தில் “என்னையும் என் மனைவியையும் ஆயுள் முழுவதும் உணவு, உறைவிடம், மருத்துவம் அளித்துப் பராமரிக்க வேண்டும், தவறினால் இப்பத்திரம் ரத்தாகும்” என்ற வாசகத்தைக் கட்டாயம் சேர்க்கச் சொல்லுங்கள். பத்திரம் எழுதுபவர் “பெத்த பையன்தானுங்களே, அதெல்லாம் எதுக்குங்க” என்பார். அந்த இடத்தில் கூச்சப்படக் கூடாது.

பராமரிப்புத் தொகை கேட்டும் மனுச் செய்யலாம். மனுவை வருவாய்க் கோட்டாட்சியரிடம் கொடுக்க வேண்டும். மாதம் 10,000 ரூபாய் வரை வழங்க உத்தரவிட முடியும். வழக்கறிஞர் தேவையில்லை. பெற்றோர் என்ற முறையில் கேட்பவருக்கு அறுபது வயது ஆகியிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஐம்பத்திரண்டு வயதுத் தாயும் கேட்கலாம். இதைப் பலர் அறியாமல் இருக்கிறார்கள். எங்கே போவது என்று தெரியாத முதியோர் 14567 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.

ரேஷன் கடையில் அம்மாவின் கைரேகை பதியவில்லை. வெறுங்கையோடு திருப்பி அனுப்புகிறார்கள்.

பல ஆண்டுகள் மஞ்சள் வேலையும் களைவெட்டும் செய்த கைகளில் ரேகை தேய்ந்துபோவது இயல்பு. கைரேகை பதியாததால் பொருள் மறுக்கக் கூடாது. கண் கருவிழி மூலம் சரிபார்க்கச் சொல்லலாம், அல்லது அவருக்காக வேறொருவர் வாங்க அங்கீகாரப் படிவம் கொடுத்துப் பதிவு செய்யலாம். முதியோர் வீட்டுக்கே பொருட்களைக் கொண்டுசென்று தரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. உங்கள் கடையில் அதற்கான பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள்.

நான் மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் சிறிய ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறேன். வயது வரம்பை எடுத்துவிட விரும்புகிறேன். எப்படித் தொடங்குவது?

விளம்பரத் தாளில் வயது போடும் வரியை நீக்குங்கள். வேலை கேட்டு வருகிறவரிடம் ஆதார் அட்டையை வாங்கி வயதைப் பார்ப்பதற்கு முன், மிஷினில் உட்காரவைத்து ஒரு மணி நேரம் தைத்துக் காட்டச் சொல்லுங்கள். பதினெட்டு நிறைந்திருக்கிறதா என்பதை மட்டும் பிறகு சரிபார்த்தால் போதும்.

ஆண்டுக்கு ஒருமுறை கண் பரிசோதனை முகாம் நடத்துங்கள். கோவையிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள கண் மருத்துவமனைகள் கம்பெனிக்கே வந்து செய்து தருகின்றன. ஒவ்வொரு மிஷினுக்கும் தனி எல்இடி விளக்குப் போடுங்கள். முதுகு தாங்கும் நாற்காலி கொடுங்கள். ஒரு ஷிஃப்ட் மட்டும் பார்க்க விரும்புகிறவர்களுக்கு அந்த வாய்ப்பைத் திறந்து வையுங்கள். பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வரும் இளைஞர்களுக்குத் தையல் பழக்க, வேகம் குறைந்துவிட்டதாக நீங்கள் நினைக்கும் அந்த மூத்த டெய்லரை அமர்த்திப் பாருங்கள். துணி எங்கே இழுக்கும், எந்த நூலுக்கு எந்த ஊசி உடையும் என்பது அவருக்குப் பார்த்தவுடன் தெரியும். சரக்குத் திரும்பி வரும் கணக்கை ஆறு மாதங்களுக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டு, பிறகு முடிவெடுங்கள்.

என் அம்மாவுக்கு அறுபத்திரண்டு வயது. ஆதாரில் ஐம்பத்து நான்கு என்று இருக்கிறது. முதியோர் ஓய்வூதியம் மறுக்கப்படுகிறது. என்ன செய்வது?

இது கொங்கு கிராமங்களில் மிகவும் பரவலான சிக்கல். பிறப்பைப் பதியாத காலத்தில் பிறந்தவர்களுக்கு, முகாமில் பதிவு செய்தவர் ஓர் உத்தேச ஆண்டைப் போட்டு, தேதியை ஜனவரி 1 என்று எழுதிவிட்டார். சிலருக்கு, பனியன் கம்பெனியில் வேலை கிடைப்பதற்காகக் குறைத்துச் சொன்ன வயதே அட்டையில் ஏறி, இப்போது ஓய்வூதியத்தைத் தடுக்கிறது.

ஆதார் அட்டை பிறந்த தேதிக்கான சான்று ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் தெளிவாகக் கூறி, பள்ளி மாற்றுச் சான்றிதழில் உள்ள தேதியை ஏற்றுக்கொண்டது. ஆகவே முதலில், அவர் இரண்டாம் வகுப்பு வரையாவது படித்திருந்தால் அந்தப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டைத் தேடுங்கள். பள்ளியே போகாதவராக இருந்தால், மூத்த பிள்ளையின் பிறப்புச் சான்றிதழையோ பள்ளிச் சான்றையோ இணைத்து, முதல் பிள்ளைக்கு நாற்பத்து மூன்று வயது, தாய்க்கு எப்படி ஐம்பத்து நான்கு இருக்க முடியும் என்று மனுவில் எழுதிக் காட்டுங்கள். வயதை மதிப்பிட்டு அரசு மருத்துவர் தரும் சான்றும் உதவும். தாமதப் பிறப்புப் பதிவுக்கு வருவாய்க் கோட்டாட்சியர் உத்தரவு பெற்று, அதைக் கொண்டு ஆதாரைத் திருத்துங்கள். பிறந்த தேதியைத் திருத்த ஒருமுறைதான் எளிதாக அனுமதிப்பார்கள் என்பதால், ஆவணங்கள் அனைத்தும் கைக்கு வந்த பிறகே ஆதார் மையத்துக்குப் போங்கள்.

மாதம் 1,000 ரூபாயாக இருந்த ஓய்வூதியம் 2023-இல் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. விண்ணப்பத்தை இ-சேவை மையத்தில் கொடுத்து, சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் அலுவலகத்தில் தொடர்ந்து விசாரியுங்கள். மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேட்டு வாங்கி, அதோடு திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுக் கொடுத்து, மனு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.